வேலிக்கு வெளியே நின்று கும்பிடும் கோயில்: இஸேக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று நகோயாவிலிருந்து இஸேக்கு நான் அழைத்துப்போனவர்களில் பாதிப்பேர் திரும்பும் வழியில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: “இவ்வளவு தூரம் வந்தோமே, கோயில் எங்கே?” நியாயமான கேள்விதான். ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோவில் மிக உயர்ந்த ஆலயம் என்று சொல்லிக் கூட்டிப்போகிறோம். அவர்களும் நம்பிச் சரளைக்கல்லில் மணிக்கணக்காக நடக்கிறார்கள். கடைசியில் ஒரு மரவேலி, அதன் வாசலில் தொங்கும் வெள்ளைத் திரை, அதற்கு அப்பால் கூரையின் நுனி. கண்ணுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனவர்களுக்கு இஸே பிடித்துவிடுகிறது. தெரியாமல் போனவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம். அதனால் எந்த ரயில், எந்த பஸ் என்பதோடு, எங்கே நிதானமாக நிற்பது, எதைத் தேடி அலையாமல் விடுவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இஸே, மியே மாநிலத்தில் இருக்கும் சிறிய நகரம். ஆலயத்தின் அதிகாரபூர்வப் பெயர் வெறும் ‘ஜிங்கூ’. முன்னால் ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. ‘பெரிய கோயில்’ என்றால் எந்த ஊர் என்று நாம் கேட்பதில்லையே, அந்த மாதிரி. அந்த ஒற்றைப் பெயருக்குள் 125 ஆலயங்கள் அடக்கம். அத்தனையையும் பார்க்கத் தேவையில்லை. முதன்முறை போகிறவர்களுக்கு இரண்டு போதும்: கெகூ என்ற வெளி ஆலயம், நைக்கூ என்ற உள் ஆலயம். (கெகூவை உச்சரிக்கும்போது இரண்டு ககரங்களில் முதலாவதைக் ‘கங்கை’யில் வரும் ககரம்போல அழுத்துங்கள். டாக்சிக்காரருக்குப் புரியும்.)

நைக்கூவில் இருப்பவள் சூரிய தேவி அமதெராஸு. ஜப்பானியப் பேரரசர் குடும்பத்தின் மூதாதை என்று கருதப்படுபவள். அவளுடைய அடையாளமாக உள்ளே இருப்பது ஒரு கண்ணாடி. பேரரசர் பட்டத்துக்கு உரிய மூன்று புனிதப் பொருள்களில் ஒன்று அது. பார்வைக்கு வைப்பதில்லை. கெகூவில் இருப்பவள் தொயோஉகே, உணவுக்கும் உடைக்கும் உறைவிடத்துக்கும் உரிய தெய்வம். அமதெராஸுவுக்குச் சாப்பாடு போடுவதற்காகவே ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் இவளை இங்கே வரவழைத்தார்கள் என்பது ஆலய வரலாறு. இன்றும் கெகூவின் மடைப்பள்ளியில் மரக்கட்டையைக் கடைந்து தீ மூட்டி, காலை மாலை இரண்டு வேளையும் சோறும் மீனும் உப்பும் தண்ணீரும் படைக்கிறார்கள்.

சமைக்கிறவளை முதலில் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறவளிடம் போக வேண்டும் என்பது முறை. அதாவது முதலில் கெகூ, பிறகு நைக்கூ. பூசைகளும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. நேரமில்லை என்று ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கு ‘கதா மாய்ரி’ என்று பெயர், ஒருபக்கக் கும்பிடு. யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் அதை நல்ல பழக்கமாக ஜப்பானியர்கள் நினைப்பதில்லை.

அனுமதிச் சீட்டு கிடையாது, இரண்டுமே இலவசம். காலை 5 மணிக்கே திறந்துவிடும். மூடும் நேரம்தான் பருவத்துக்குப் பருவம் மாறும். மே முதல் ஆகஸ்ட் வரை இரவு 7 மணி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாலை 5 மணி, மற்ற மாதங்களில் 6 மணி. நவம்பரில் போகிறவர்கள் மதியத்துக்குமேல் நைக்கூவில் கால் வைத்தால் அவசரப்பட வேண்டியிருக்கும்.

புத்தாண்டு நாட்களில் போகாதீர்கள். டிசம்பர் 31 இரவு முழுக்கத் திறந்திருக்கும், நாடே அங்கே நிற்கும். முதல் தடவைக்கு அந்தக் கூட்டம் ஆகாது. வார நாள், காலை எட்டு மணிக்குள், முடிந்தால் மாதத்தின் 1, 11, 21 தேதிகளில் ஒன்று. ஆலயத்துக்குச் சொந்தமான புனிதக் குதிரைகளை அந்த மூன்று தேதிகளில் காலை எட்டு மணி வாக்கில் சந்நிதிக்கு முன் கூட்டிவந்து தலைவணங்க வைப்பார்கள். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றாலோ மழை என்றாலோ நடக்காது. நான் மூன்று முறை போய் ஒரு முறைதான் பார்த்தேன்.

ரயில், பை, செருப்பு

நகோயாவிலிருந்து கின்டெட்ஸு தனியார் ரயிலின் விரைவு வண்டியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இஸேஷி நிலையம். இருக்கைக் கட்டணமும் சேர்த்து ஒரு வழிக்கு சுமார் 3,000 யென். ஒசாகாவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம், கியோட்டோவிலிருந்து இரண்டு மணி நேரம். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் கையில் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். கின்டெட்ஸு வண்டிகளில் அந்தப் பாஸ் செல்லாது. நகோயாவிலிருந்து ‘மியே’ என்ற ஜேஆர் வண்டி இருக்கிறது. ஆனால் நடுவில் சிறிது தூரம் வேறொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடுகிறது. அந்தத் துண்டுக்கு மட்டும் வண்டியிலேயே பணம் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று பதற வேண்டாம். சில நூறு யென்தான்.

பெரிய பெட்டிகளை நிலையத்தின் லாக்கரில் போட்டுவிடுங்கள். இரண்டு ஆலயங்களிலும் பாதை முழுக்கச் சரளைக்கல். உருளைப் பெட்டி உருளாது, குழந்தை வண்டியையும் தள்ளுவது சிரமம். நடக்க முடியாத பெரியவர்கள் வந்தால் வாசலிலேயே சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

செருப்பு விஷயம். என் அத்தை ஒருவர் முதல் தோரீயை, அதாவது அந்த மர நுழைவாயிலைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சரளையில் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கிவிட்டார். பத்தடி தாண்டியதும் முகம் சுருங்கியது, பிடிவாதம் தளரவில்லை. காவலர் ஒருவர் ஓடிவந்து, காலில் ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று என்னைக் கேட்டார். ஷிந்தோ ஆலயத்தில் நிலத்தில் நடக்கும்வரை செருப்பைக் கழற்ற வேண்டாம். கட்டடத்துக்குள் ஏறி உட்காரும்போது மட்டும்தான் கழற்றுவது. நல்ல நடைக்காலணி போட்டுக்கொண்டு போங்கள். உடைக்கும் கட்டாயம் எதுவும் இல்லை. அடக்கமாக இருந்தால் சரி. தொப்பியைச் சந்நிதி முன் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பயண நூல்கள் இதை எழுதுவதில்லை. வீட்டில் சாவு விழுந்து ஐம்பது நாள் ஆகாதவர்கள் ஷிந்தோ ஆலயத்துக்குப் போகாமல் இருப்பது ஜப்பானியர் வழக்கம். வெளிநாட்டுக்காரரிடம் இதை யாரும் கேட்கப்போவதில்லை. தீட்டு என்ற எண்ணத்தை நமக்கு யாரும் விளக்கவும் வேண்டியதில்லை. போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

கெகூ: இடப்பக்கம் நடங்கள்

இஸேஷி நிலையத்தின் தெற்கு வாசலில் இறங்கினால் நேரே ஒரு கடைத்தெரு. அதன் முடிவில் மரங்கள் அடர்ந்து தெரிவதுதான் கெகூ. நடந்தே ஐந்து, பத்து நிமிடத்தில் போய்விடலாம்.

நுழைந்ததும் இடப்பக்கம் கைகழுவும் தொட்டி இருக்கும். அகப்பையை வலக்கையில் எடுத்து முதலில் இடக்கையைக் கழுவுங்கள். பிறகு அகப்பையை இடக்கைக்கு மாற்றி வலக்கை. மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளித்துக் கீழே துப்புங்கள். அகப்பையில் வாய் வைக்கக்கூடாது. இடக்கையை மறுபடி கழுவிவிட்டு, அகப்பையை நிமிர்த்தினால் மிச்சத் தண்ணீர் கைப்பிடி வழியே ஓடி அடுத்தவருக்காக அதையும் கழுவிவிடும். இத்தனையும் ஓர் அகப்பைத் தண்ணீரிலேயே முடிப்பது கெட்டிக்காரத்தனம். எனக்கு இன்னும் இரண்டு ஆகிறது.

தோரீக்கு முன் நின்று ஒரு சின்ன வணக்கம், பிறகு உள்ளே. பாதையின் நடுவில் நடக்கக்கூடாது, அது தெய்வம் போகும் வழி. கெகூவில் இடப்பக்கமாக நடக்க வேண்டும், நைக்கூவில் வலப்பக்கமாக. கைகழுவும் இடம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதன்மைச் சந்நிதிக்குப் பக்கத்தில், அதே அளவில் ஒரு வெற்று மனை தெரியும். சரளை பரப்பிய தரை, நடுவில் நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு மரக்கூடு. பெரும்பாலானோர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். நீங்கள் நில்லுங்கள். இஸேயைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

இருபது ஆண்டுக்கு ஒரு முறை இந்த வெற்று மனையில் அச்சு அசலாக இன்னோர் ஆலயத்தைக் கட்டி, ஓர் இரவில், விளக்குகளை அணைத்துவிட்டுத் தெய்வத்தை அங்கே குடியேற்றுகிறார்கள். பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். அந்த மனை அடுத்த இருபது ஆண்டு காலியாகக் கிடக்கும். இதற்கு ‘ஷிகினென் செங்கூ’ என்று பெயர். நைக்கூவில் முதல் தடவை நடந்தது 690-இல், பேரரசி ஜிதோவின் காலத்தில். கெகூவில் இரண்டாண்டு கழித்து. உள்நாட்டுப் போர்கள் மிகுந்த காலத்தில் நூற்றிருபது ஆண்டுக்குமேல் நின்றுபோய், 1585-இல் மறுபடி தொடர்ந்தது. 62-ஆவது தடவை 2013 அக்டோபரில் முடிந்தது. அடுத்தது 2033-இல். அதற்கான சடங்குகள் 2025-லேயே தொடங்கிவிட்டன. எட்டு ஆண்டு வேலை அது.

கட்டடம் மட்டும் மாறுவதில்லை. உள்ளே இருக்கும் நெசவு, வாள், வில், பெட்டி என்று 714 வகைகளில் 1,576 பொருள்களையும் புதிதாகச் செய்கிறார்கள். மரம் ஹினோக்கி, ஜப்பானிய சைப்ரஸ். ஒவ்வொரு தடவையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் வேண்டும். ஆலயத்தைச் சுற்றியிருந்த காடு என்றோ தீர்ந்துபோய், கிஸோ மலைகளிலிருந்து கொண்டுவரத் தொடங்கினார்கள். 1923-இல் இருநூறு ஆண்டுத் திட்டம் போட்டு ஆலயக் காட்டிலேயே நடத் தொடங்கினார்கள். அந்தக் காட்டு மரம் 2013 கட்டுமானத்தில் ஒரு பங்காகச் சேர்ந்தது.

ஏன் இருபது ஆண்டு? காரணத்தை எழுதி வைத்தவர் யாருமில்லை. தச்சனுக்கு வாழ்நாளில் இரண்டு, மூன்று வாய்ப்புக் கிடைக்கும், கற்றவன் கற்பிக்க முடியும் என்பார்கள். எனக்குக் கட்டடத்தைப் பார்த்தால் தோன்றுவது வேறு. இங்கே அடித்தளக் கல் இல்லை. தூண்களை நேராக மண்ணில் நட்டிருக்கிறார்கள். கூரை நாணல். மரத்துக்கு வண்ணமோ மெருகோ பூசுவதில்லை. இஸேயின் மழையில் அப்படிப்பட்ட கட்டடம் எத்தனை நாள் நிற்கும்?

அந்த மரக்கூட்டின் அடியில் இருப்பது பழைய சந்நிதியின் நடுக்கம்பம். அடுத்த ஆலயம் அந்த இடத்தைக் கொண்டே எழும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வெற்று மனை வெறுமையாகத் தெரியாது. இன்னும் விவரம் வேண்டுமென்றால் கெகூ வாசலருகே குளக்கரையில் ‘செங்கூகான்’ என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. வேலிக்குள் போய்ப் பார்க்க முடியாத கட்டடத்தின் ஒரு பகுதியை அசல் அளவிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, ஆனால் கொடுக்கத் தகும். முதல் பத்தியில் சொன்ன கேள்வி அங்கே போய்வந்தவர்களிடமிருந்து வந்ததில்லை.

கும்பிடும் முறை

முதன்மைச் சந்நிதியின் வேலி வாசலில் திரைக்கு முன் நிற்கிறீர்கள். இரண்டு முறை இடுப்பு வளைய ஆழமாக வணங்குங்கள். நெஞ்சுக்கு நேராக இரண்டு முறை கைதட்டுங்கள். கைகுவித்தபடி மனதுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கடைசியாக ஒரு முறை ஆழமாக வணங்கி நகருங்கள். அவ்வளவுதான். பூசாரிகள் எட்டு முறை தட்டுவதைப் பார்த்தால் அதைப் பின்பற்ற வேண்டாம், அது அவர்களுக்கு.

என்ன வேண்டுவது? இங்கேதான் இஸே மற்ற ஆலயங்களிலிருந்து மாறுகிறது. முன்காலத்தில் பேரரசரைத் தவிர யாரும் இங்கே காணிக்கை வைக்கவே கூடாது. அதனால் இன்றும் முதன்மைச் சந்நிதிக்கு முன் உண்டியல் கிடையாது. ஜனங்கள் எப்படியும் காசு போடுகிறார்கள் என்பதால் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கும். சொந்த வேண்டுதலையும் இங்கே வைக்காமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டு வருவது பழைய மரபு. பிள்ளைக்கு வேலை, பெண்ணுக்குக் கல்யாணம் என்றெல்லாம் கேட்க வேண்டுமானால் அதற்குத் தனி இடம் இருக்கிறது. கெகூவில் தகா நோ மியா, நைக்கூவில் அராமாத்ஸுரி நோ மியா. அதே தெய்வத்தின் ஆவேசமான, காரியம் ஆற்றும் கூறு அங்கே குடியிருக்கிறது. பெயரும் ஊரும் சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்று ஜப்பானியர்களே சொல்வார்கள். அர்ச்சனைச் சீட்டு எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதா என்ன?

காசு எவ்வளவு? விருப்பம்போல. ஐந்து யென் நாணயத்துக்கு மவுசு அதிகம். ‘ஐந்து யென்’ என்பதும் ‘நல்லுறவு’ என்பதும் ஜப்பானியத்தில் ஒரே உச்சரிப்பு, கோஎன்.

கெகூவின் தகா நோ மியாவுக்குக் கற்படி 98. முட்டி வலிக்காரர்கள் கீழேயே நின்றுகொள்ளலாம்.

ஷிந்தோ ஆலயம் என்றால் மணியடித்துக் கும்பிடலாம், இரண்டு கல்சிங்கம் நிற்கும், குறிச்சீட்டு எடுக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இஸேயில் மணி இல்லை, சிங்கம் இல்லை, குறிச்சீட்டும் இல்லை. தோரீயில் வைக்கோல் கயிற்றுக்குப் பதிலாக சகாகி மரக்கிளையைக் கட்டியிருப்பார்கள். கொஷுயின் என்ற முத்திரை சேகரிப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: மற்ற ஆலயங்களில் தாள் நிறைய எழுதித் தருவதுபோல இங்கே கிடையாது. சிவப்பு முத்திரை, பக்கத்தில் தேதி. முடிந்தது. சேகரிப்புப் புத்தகத்தைப் புரட்டினால் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

நைக்கூ: பாலத்தைக் கடந்து, ஆற்றில் கைகழுவி

கெகூவுக்கு எதிரிலேயே நைக்கூ செல்லும் பஸ் நிற்கும். 51 அல்லது 55. நான்கைந்து கிலோமீட்டர் தூரத்துக்குக் கால் மணி முதல் இருபது நிமிடம். விடுமுறை நாட்களில் சாலை அடைத்துக்கொள்ளும், அப்போது இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் முன்னால் உஜி பாலம். நீளம் 101.8 மீட்டர், முழுக்க மரம். பாலத்தையும் இருபது ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள், ஆனால் ஆலயத்தோடு சேர்ந்தல்ல. போருக்குப் பின் 1949-இல் ஆலயப் புதுப்பிப்பைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. பாலத்தை மட்டுமாவது செய்துவிடுவோம் என்று கட்டினார்கள். ஆலயம் நான்காண்டு கழித்துத்தான் எழுந்தது, அந்த இடைவெளி அப்படியே தங்கிவிட்டது. இப்போதைய பாலம் 2009-ஐச் சேர்ந்தது.

பாலத்தின் இரு முனைகளிலும் நிற்கும் தோரீகளைத் தொட்டுப் பாருங்கள். பழைய சந்நிதிகளில் முகட்டைத் தாங்கி நின்ற தூண்களைச் செதுக்கி இவற்றைச் செய்கிறார்கள். உள்முனையில் நிற்பது நைக்கூவின் தூண், வெளிமுனையில் கெகூவின் தூண். இங்கே இருபது ஆண்டு நின்றபின் பழைய நெடுஞ்சாலை ஊர்களான குவானாவுக்கும் செக்கிக்கும் போய், அங்கே தோரீயாக இன்னொரு இருபது ஆண்டு நிற்கும். வேலிக்குள் நுழைய முடியவில்லை என்று வருந்துகிறவர்களுக்குச் சொல்கிறேன், உள்ளே இருந்த மரத்தின்மீது கை வைக்கலாம். டிசம்பரில், பகல் மிகக் குறைந்திருக்கும் நாட்களில், இந்தத் தோரீக்கு நேர் நடுவில் சூரியன் எழும். அதைப் பார்க்க விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடும்.

பாலத்தைக் கடந்து வலப்பக்கம் திரும்பினால் அகன்ற சரளைப் பாதை. கோழிகள் குறுக்கே நடமாடும். அவையும் ஆலயத்தைச் சேர்ந்தவை, துரத்த வேண்டாம். முதல் தோரீயைத் தாண்டியதும் வலப்புறம் ஒரு சரிவு இஸுஸு ஆற்றங்கரைக்கு இறங்கும். லாரிக் கம்பெனியின் பெயர் இங்கிருந்து போனதுதான். நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுன் த்ஸுனயோஷியின் தாயார் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்டுக்கொடுத்த கல் படித்துறை இன்னும் இருக்கிறது. தொட்டியில் கைகழுவாமல் இங்கே ஆற்றிலேயே கழுவுங்கள். குனிந்தால் மீன்கள் தெரியும். நான் வருகிறவர்களை இங்கேதான் அதிக நேரம் உட்கார வைப்பேன். சந்நிதியில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், ஆற்றங்கரையில் யாரும் நகரச் சொல்வதில்லை.

அங்கிருந்து மேலேறி இரண்டாம் தோரீ, இடப்புறம் தாயத்தும் முத்திரையும் தரும் ககுரா மண்டபம், பிறகு வானத்தைத் தொடும் சுகி மரங்கள். பாதை முடியும் இடத்தில் கற்படிகள். படிக்குக் கீழே நின்று படமெடுக்கலாம். ஒரு படி ஏறிவிட்டாலும் போனை உள்ளே வைத்துவிட வேண்டும். காவலர்கள் மரியாதையாகத்தான் சொல்வார்கள், ஆனால் விடமாட்டார்கள்.

மேலே அடுக்கடுக்கான வேலிகள், அவற்றில் ஒன்றின் வாசல். திரை. காற்று அடித்தால் திரை தூக்கும், ஒரு கணம் உள்முற்றம் தெரியும். இரண்டு வணக்கம், இரண்டு தட்டு, ஒரு வணக்கம். பின்னால் ஆட்கள் நிற்பார்கள், ஆனாலும் அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இந்தக் கட்டுரையிலேயே உபயோகமான வரி: இறங்கியதும் வந்த வழியே திரும்பாதீர்கள். அராமாத்ஸுரி நோ மியாவுக்குப் போகும் பாதையைப் பிடியுங்கள். வழியில் ‘மிஷினே நோ மிகுரா’ என்ற சின்னக் கட்டடம் வரும். ஆலய வயலில் விளைந்த நெல்லைச் சேர்த்துவைக்கும் பத்தாயம் அது. முதன்மைச் சந்நிதி எந்தப் பாணியோ அதே பாணியில், வேலியில்லாமல், பாதையோரத்தில் நிற்கிறது. தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம், ஆணியடித்த அலங்காரம் எதுவுமில்லாத சுவர், கூரை முனையில் கத்தரிபோலக் குறுக்கிட்டு மேலே நீளும் இரண்டு மரக்கொம்புகள், முகட்டின்மேல் படுத்திருக்கும் உருண்டைக் கட்டைகள். கோயில் எங்கே என்று கேட்டவர்களை நான் இப்போதெல்லாம் இதன் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துகிறேன். கட்டடக் கலையாக இஸேயைப் பற்றிப் புத்தகங்களில் படித்ததெல்லாம், சிறிய அளவில், கைக்கெட்டும் தூரத்தில்.

கூரைக் கொம்புகளைக் கவனியுங்கள். நைக்கூவில் அவற்றின் நுனியைத் தரைக்கு இணையாக வெட்டியிருப்பார்கள், கெகூவில் செங்குத்தாக. முகட்டுக் கட்டைகள் நைக்கூ சந்நிதியில் 10, கெகூவில் 9. வேலிக்கு வெளியே இருந்தே எண்ணலாம். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள், அலுப்பு வராது.

காலில் இன்னும் தெம்பு இருந்தால் கடைசியாக ஒரு சின்ன மரப்பாலம் தாண்டி கஸாஹினோமி நோ மியா. காற்றுக்கும் மழைக்கும் உரிய தெய்வம். 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் படையெடுத்து வந்தபோது புயல் கிளப்பிக் கப்பல்களைக் கவிழ்த்த புண்ணியத்துக்காக 1293-இல் இதன் அந்தஸ்தை உயர்த்தினார்கள். பயணக் குழுக்கள் இந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. இலையுதிர் காலத்தில் அந்தப் பாலத்தின்மேல் நின்றால் போதும்.

கெகூவுக்கு ஒரு மணி நேரம், நைக்கூவுக்கு ஒன்றரை மணி நேரம் என்று ஒதுக்குங்கள். ஆலய எல்லைக்குள் சாப்பிடக்கூடாது, புகைக்கக்கூடாது. நாய் கொண்டுவந்தால் வாசலில் காவலரிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில் கதை வேறு. நோயாளியோ வயதானவரோ தாங்கள் வர முடியாதபோது கழுத்தில் காசுமுடிப்பைக் கட்டி நாயை அனுப்பிவைப்பார்கள். வழிப்போக்கர்கள் அதற்குச் சோறு போட்டு, இஸே வரை கூட்டிவந்து, தாயத்தோடு திருப்பி அனுப்புவார்கள். 1830-இல் சில மாதங்களிலேயே நாற்பது லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த ஊருக்கு யாத்திரை வந்தார்கள். கூட்டத்தில் அந்த நாய்களும் இருந்தன. இன்று அவை கடைத்தெருவில் பொம்மையாக விற்கின்றன.

கடைத்தெரு

நைக்கூவிலிருந்து வெளியே வந்ததும் பாலத்துக்கு வலப்பக்கம் ஒஹராய்மாச்சி. பழைய பாணி மரவீடுகள் வரிசையாக நிற்கும் தெரு, நடுவில் ஒகாகே யொகோச்சோ என்ற சிறு சந்துக் கூட்டம். இந்தச் சந்துகள் 1993-இல் பழைய அச்சில் எழுப்பியவை. நூற்றாண்டுப் பழமை என்று நம்பிவிட வேண்டாம், ஆனால் அழகாகச் செய்திருக்கிறார்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இஸே உதோன் என்று விரல் தடிமனில் மெத்தென்ற நூடுல்ஸ், கரிய சோயாக் குழம்போடு தருவார்கள். மேலே ஒன்றுமே இல்லை, வெங்காயத்தாள் மட்டும்தான் என்று பார்த்துவிட்டு வாங்காதீர்கள். குழம்பில் மீன்சாறு இருக்கும். தெகோனே ஸுஷி நேரடியாகவே சூரை மீன். மீன் சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் தவறவிட வேண்டாம். உதோன் குழைந்துதான் இருக்கும், அது தவறிப்போன பக்குவம் இல்லை. நடந்து வந்த யாத்ரீகர்களைக் காக்க வைக்காமல் உடனே பரிமாறத்தான் முன்கூட்டியே வேகவைத்துக் குழைய விட்டார்கள் என்பார்கள்.

சைவக்காரர்களுக்கு அகாஃபுகு இருக்கிறது. 1707 முதல் இங்கே விற்கும் இனிப்பு. ஒட்டும் அரிசியை இடித்துச் செய்த உருண்டையை அடியில் வைத்து மேலே அசுகி என்ற சிவப்புப் பயற்றின் பூரணத்தை மூன்று விரல் அழுத்திய வடிவில் பூசியிருப்பார்கள். வெள்ளை உருண்டை இஸுஸு ஆற்றின் கூழாங்கல், மேலே இருக்கும் மடிப்பு ஆற்றின் அலை. நம்மூர் மோதகத்தை உள்வெளியாகப் புரட்டியது என்று சொன்னால் சுவை ஏறத்தாழ பிடிபட்டுவிடும், தேங்காயை மட்டும் மறந்துவிட வேண்டும். தலைமைக் கடை காலை 5 மணிக்கே திறக்கும். ஆற்றைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்து ஒரு தட்டும் தேநீரும் வாங்கிக்கொள்ளலாம்.

தெருவின் கடைகள் மாலை ஐந்து மணி வாக்கில் அடைக்கத் தொடங்கிவிடும், அதற்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டு பஸ்ஸுக்கு வாருங்கள். அகாஃபுகு பெட்டியை ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்துப் பெட்டிக்குள் அடுக்காதீர்கள். கோடையில் இரண்டு நாள், குளிரில் மூன்று நாள், அதற்குமேல் தாங்காது. நகோயா ரயிலிலேயே பிரித்துவிடுங்கள். தோண்டி எடுக்க ஒரு சின்னத் தட்டைக் கரண்டியும் உள்ளேயே இருக்கும்.